இரண்டு வழி இருந்தால் எந்த வழி? லினக்ஸில் இரண்டாவது நெட்வொர்க் கார்டின் கதை

கொல்லிமலைக்கு ஏற இரண்டு சாலை உண்டு. எல்லோருக்கும் தெரிந்தது காரவள்ளி வழி. அடிவாரத்தில் காரவள்ளியைத் தொட்டு, 70 கொண்டை ஊசி வளைவு சுற்றி, சோளக்காடு போய்ச் சேரும். இன்னொன்று முள்ளுக்குறிச்சி வழி. மழையில் மண் சரிந்து காரவள்ளிச் சாலையை மூடினால், இந்த இரண்டாவது வழிதான் கை கொடுக்கும். ஊர்க்காரங்களுக்கு எதுக்கு எந்த வழி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்கு வழிப்பலகை வேண்டும். பலகை தப்பாக நின்றால், சாலை நல்லா இருந்தும் போய்ச் சேர முடியாது.

ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் இதே நிலைமைதான். இந்தக் குறிப்பு அந்த வழிப்பலகைகளைப் பற்றியது. அவற்றை யார், எந்த வருஷம், எதுக்காக நட்டார்கள் என்று தேடிப் பார்த்தால், இன்றைக்கு நம்மைப் படுத்துகிற பல கோளாறுகள் உண்மையில் கோளாறே இல்லை, பழைய முடிவுகள் என்று தெரிய வருகிறது.

முதலில் பிரச்சினை

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றி இறங்குகிற லாரிகள் நிற்கிற ஒரு எடைமேடை. அலுவலகத்தில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர். முதல் கார்டில் பிராட்பேண்ட் ரவுட்டர். இரண்டாவது கார்டிலிருந்து நேராக ஒரு கேபிள், மேடையைப் பார்த்து நிற்கிற கேமராவுக்கு. எடைச் சீட்டோடு வண்டியின் படமும் சேர்ந்து அச்சாக வேண்டும். படம் இல்லாத சீட்டை வைத்து நாளைக்கு எடையில் தகராறு வந்தால், விவசாயி பக்கமும் ஆதாரம் இல்லை, ஆலை பக்கமும் ஆதாரம் இல்லை.

கார்டில் விளக்கு எரிகிறது. கேபிள் சரி. ஆனால் பிங் போட்டால் "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்". அதே கேபிளைப் பிடுங்கி ஒரு லேப்டாப்பில் சொருகினால் கேமரா உடனே பேசுகிறது. அப்போ கார்டு போச்சு என்று முடிவு கட்டிப் புதுக் கார்டு வாங்குவார்கள். அதிலும் அதே கதை. ஏன்?

பதிலுக்கு நாற்பது வருஷம் பின்னே போக வேண்டும்.

முகவரி யாருடையது? (1982–1989)

1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்எஃப்சி 826 ஆவணம்தான் ஆர்ப் என்ற முறையைத் தந்தது. விஷயம் எளிது. ஒரு கேபிளில் இருக்கிற எல்லோரையும் பார்த்து, "இந்த ஐபி முகவரி யாருப்பா?" என்று கம்ப்யூட்டர் கூவும். உரியவர் தன் கார்டின் வன்பொருள் முகவரியைச் சொல்லிப் பதில் தருவார். தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. ஆனால் எந்தத் தெருவில் நின்று கூப்பிடுவது என்று ஆர்ப் முடிவு செய்யாது. அது வழித்தட அட்டவணையின் வேலை.

ஒரே கம்ப்யூட்டர் இரண்டு தெருவிலும் வாசல் வைத்திருந்தால்? 1989 அக்டோபரில் ராபர்ட் பிரேடன் தொகுத்த ஆர்எஃப்சி 1122 இந்தக் கேள்வியை எடுத்தது. இரண்டு மாதிரிகளை அது விவரித்தது. வலுவான மாதிரியில் முகவரி அந்தந்தக் கார்டுக்குச் சொந்தம். ஒரு வாசலுக்கு வந்த கடிதத்தை இன்னொரு வாசலில் வாங்க மாட்டார்கள். தளர்ந்த மாதிரியில் முகவரி கம்ப்யூட்டருக்கே சொந்தம். எந்த வாசலில் வந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். எது சரி என்று அந்த ஆவணம் தீர்ப்பு சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று விட்டுவிட்டது.

லினக்ஸ் தளர்ந்த மாதிரியை எடுத்துக்கொண்டது. அதனால் ஒரே ஸ்விட்சில் இரண்டு கார்டையும் சொருகினால், முதல் கார்டின் முகவரியைக் கேட்கிற ஆர்ப் கேள்விக்கு இரண்டாவது கார்டும் "நான்தான்" என்று பதில் சொல்லும். எதிர்ப்பக்கம் குழம்பிப் போகும். இதற்கு ஆர்ப் ஃபிளக்ஸ் என்று பேரே உண்டு. பிற்பாடு இதைக் கட்டுப்படுத்த ஆர்ப்-இக்னோர், ஆர்ப்-அனௌன்ஸ் என்று இரண்டு கெர்னல் அமைப்புகள் வந்தன.

கெர்னல் தேடாத கார்டு (1991–1999)

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டபோது அதில் நெட்வொர்க் வசதி இல்லை. ராஸ் பைரோ தொடங்கி, ஃபிரெட் வான் கெம்பென், ஆலன் காக்ஸ் என்று கை மாறி அந்தப் பகுதி வளர்ந்தது. 1994 மார்ச்சில் 1.0 வந்தபோது நெட்வொர்க் உள்ளேயே இருந்தது. ஈதர்நெட் கார்டுகளுக்கான டிரைவர்களில் பெரும்பங்கு நாசாவின் காடர்ட் மையத்தில் வேலை செய்த டொனால்ட் பெக்கர் எழுதியவை.

அந்தக் காலத்து ஐஎஸ்ஏ கார்டுகளுக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெரியாது. கெர்னல்தான் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தப்பான இடத்தில் தட்டினால் வேறு ஏதாவது ஒரு கார்டு உறைந்து, மொத்தக் கம்ப்யூட்டரும் நின்றுபோகும். அந்தப் பயத்தில் ஒரு கார்டு கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது கார்டு வேண்டுமென்றால் துவக்கத்திலேயே லைலோவுக்கு "ஈதர்=0,0,ஈத்1" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். இரண்டாவது கார்டுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்ற பழக்கம் அப்போதே வந்தது.

அதே பெக்கர், தாமஸ் ஸ்டெர்லிங்கோடு சேர்ந்து 1994-ல் பேவுல்ஃப் என்ற கம்ப்யூட்டர் கூட்டத்தைக் கட்டினார். சாதாரண டிஎக்ஸ்4 பிராசஸர் 16. ஒரு 10 மெகாபிட் ஈதர்நெட் அவற்றின் வேகத்துக்குப் போதவில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஈதர்நெட் கொடுத்து, இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தார்கள். அவர்களுக்கு இரண்டாவது கார்டு என்பது அகலப்படுத்திய சாலை. நம்ம எடைமேடைக்கு அது வேறு ஊருக்குப் போகிற சாலை. இரண்டும் ஒரே பேரில் அழைக்கப்பட்டாலும் தேவை வேறு.

நம்ம பக்கம் 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்தது. 1996-ல் பிசி குவெஸ்ட் பத்திரிகை லினக்ஸ் குறுந்தகட்டைத் தன் இதழோடு கொடுத்தது. ஒரே தொலைபேசி இணைப்பைப் பத்துக் கம்ப்யூட்டருக்குப் பங்கிட, லினக்ஸ் போட்ட ஒரு பழைய பெட்டி போதும். முகம் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. பிரவுசிங் சென்டர் காலத்துக்கு இது தோதான ஏற்பாடு. இங்கே இன்னொரு பலகையையும் பார்த்துவிடுவோம். லினக்ஸ் தானாக ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு பாக்கெட்டைக் கடத்தாது. ஐபி ஃபார்வர்டிங் என்ற அமைப்பு தொடக்கத்தில் 0. சாதாரணக் கம்ப்யூட்டர் கேட்காமல் ரவுட்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது 1122 ஆவணத்தின் கட்டளை. கம்ப்யூட்டரில் தெரிகிற கேமரா அதே அலுவலகத்து போனில் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எல்லோருக்கும் ஒரே கதவு எண் (1996)

இப்போ நம்ம கேமராவுக்கு வருவோம். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918, மூன்று முகவரித் தொகுதிகளைத் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது. 10-ல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168-ல் தொடங்குவது. யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். இணைய முகவரிகள் தீர்ந்துபோகிற அபாயத்தைத் தள்ளிப்போட்ட முடிவு இது.

பலர் கவனிக்காத ஒரு அறிவுரை அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. இந்தத் தொகுதியிலிருந்து எடுக்கும்போது ஏதாவது ஒரு பகுதியைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுங்கள் என்று அழுத்தமாகச் சொன்னார்கள். நாளைக்கு இரண்டு நிறுவனம் ஒன்று சேர்ந்தால் முகவரி மோதக் கூடாது என்பதற்காக. நடந்தது நேர்மாறு. வீட்டு ரவுட்டர் செய்கிறவர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்று முடிவு செய்தார்கள். ஐபி கேமரா செய்கிறவர்களில் பலரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். 192.168-ல் தொடங்கும் பகுதிகள் மட்டுமே 256 இருக்க, எல்லோரும் முதல் இரண்டிலேயே குடியேறினார்கள்.

விளைவு? எடைமேடை கம்ப்யூட்டரின் முதல் கார்டு 192.168.1.20. கேமராவுக்காக இரண்டாவது கார்டுக்குக் கொடுத்தது 192.168.1.50. கேமரா 192.168.1.64. இப்போது அட்டவணையில் "192.168.1.0/24" என்ற ஊருக்கு இரண்டு வழி. கெர்னல் இரண்டையும் மாறி மாறிப் பார்க்காது. மெட்ரிக் எண் குறைவாக உள்ளதை எடுக்கும். பெரும்பாலும் அது முதல் கார்டு. ஆர்ப் கேள்வி ரவுட்டர் இருக்கிற தெருவில் கூவுகிறது. கேமரா பக்கத்துத் தெருவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. அன்ரீச்சபிள். லேப்டாப்பில் அந்த ஒரு தெரு மட்டும்தான் இருந்தது, அதனால் உடனே கிடைத்தது. கார்டு மேல் ஒரு குற்றமும் இல்லை.

வந்த வழி சரியா? (1996–2009)

1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் பல நாள் முடங்கியது. பொய்யான அனுப்புநர் முகவரி போட்டு இணைப்புக் கோரிக்கைகளைக் கொட்டிய தாக்குதல் அது. அதன் பிறகுதான் "இந்த முகவரிக்காரர் இந்த வழியாக வரத்தான் முடியுமா?" என்று சோதிக்கிற யோசனை வலுப்பட்டது. 1998-ல் ஆர்எஃப்சி 2267, 2000-ல் 2827, 2004-ல் 3704 என்று ஆவணங்கள் வந்தன.

லினக்ஸில் இந்தச் சோதனைச் சாவடிக்குப் பேர் ஆர்பி ஃபில்டர். கண்டிப்பு முறை 1: ஒரு பாக்கெட் எந்தக் கார்டில் வந்ததோ, அதன் அனுப்புநருக்குப் பதில் அனுப்பவும் அதே கார்டுதான் சிறந்த வழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சத்தமில்லாமல் தூக்கி எறியும். முள்ளுக்குறிச்சி வழியாக வந்தவரை, "உங்க ஊருக்குக் காரவள்ளி வழிதானே, இங்கே எப்படி வந்தீங்க?" என்று திருப்பி அனுப்புவது மாதிரி. 2009 வாக்கில் தளர்ந்த முறை 2 வந்தது. ஏதாவது ஒரு வழி இருந்தால் போதும் என்பது அதன் கணக்கு. 0 என்றால் சோதனையே இல்லை.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம். டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால் பாக்கெட் வருவது தெரியும். புரோகிராமுக்கு மட்டும் வந்து சேராது. டிசிபிடம்ப் சாவடிக்கு வெளியே நின்று பார்க்கிறது, அதனால்தான். லாக் மார்ஷியன்ஸ் என்ற அமைப்பை இயக்கினால் கெர்னல் பதிவேட்டில் "மார்ஷியன் சோர்ஸ்" என்று வரி வரும். செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவர் என்று அர்த்தம்! உண்மையில் அவர் அடுத்த அறையில் இருப்பார்.

பேர் மாறிய கார்டுகள் (1999–2013)

1999 ஜனவரியில் வந்த 2.2 கெர்னலோடு அலெக்சி குஸ்னெட்சோவ் எழுதிய ஐபிரூட்2 பரவியது. ஒன்றுக்கு மேற்பட்ட வழித்தட அட்டவணை வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய கொடை. இந்த முகவரியிலிருந்து கிளம்பினால் இந்த அட்டவணையைப் பார் என்று விதி எழுதலாம். 1983-ல் பெர்க்லி யூனிக்ஸோடு வந்த இஃப்கான்ஃபிக் கட்டளையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வசதி இருப்பதையே பார்ப்பதில்லை.

2004-ல் ரெட் ஹேட்டிலிருந்து நெட்வொர்க்மேனேஜர் வந்தது. கேபிள் சொருகினால் தானாகவே எல்லாம் நடக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒற்றைக் கார்டு லேப்டாப்புக்கு வரம். இரண்டாவது கார்டில் டிஹெச்சிபி சேவையே இல்லாத ஒரு கேமராவைச் சொருகினால், முகவரி கேட்டுக் கேட்டுப் பார்த்து, பிறகு இணைப்பையே கைவிட்டுவிடும். "சற்று நேரம் வேலை செய்தது, அப்புறம் போச்சு" என்கிற புலம்பலுக்கு அடிக்கடி காரணம் இதுதான்.

2013 ஜனவரியில் சிஸ்டம்டி 197 கார்டுகளின் பேரையே மாற்றியது. முன்பு ஈத்0, ஈத்1 என்ற பேர்கள், டிரைவர் எது முதலில் எழுந்ததோ அதன்படி. மறுதுவக்கத்தில் இரண்டும் இடம் மாறலாம். கேமரா கேபிளுக்கு இணைய முகவரி, ரவுட்டருக்குக் கேமரா முகவரி. புது முறையில் கார்டு பலகையில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வைத்துப் பேர். இஎன்பி3எஸ்0 என்பது பார்க்க அசிங்கமாக இருக்கலாம், ஆனால் நாளைக்கும் அதே கார்டைத்தான் குறிக்கும்.

தேனியில் கற்ற பாடம்

இதெல்லாம் அலுவலகத்து எரிச்சல் மட்டும் என்று நினைத்தால், தேனியைப் பார்க்க வேண்டும். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 வாக்கில் கிராமங்களில் பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனி மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோ வழியாக நோயாளியிடம் பேசுவார். கம்பி இணைப்பு எட்டாத இடங்களுக்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவரின் குழு நெடுந்தூர வைஃபை அமைத்துத் தந்தது.

அந்தக் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தேனி வலையமைப்பின் கணக்கு இருக்கிறது. 5 மையம், 11 ரவுட்டர், 9 இணைப்பு, ஒரு கிலோமீட்டரிலிருந்து ஆண்டிபட்டி பக்கம் 15 கிலோமீட்டர் வரை. ரவுட்டர் என்றால் லினக்ஸ் ஓடும் சிறிய பலகைதான். நடுவில் நிற்கும் அஞ்சல் நிலையங்களில் ஒரு ரேடியோ இந்தப் பக்கம், இன்னொரு ரேடியோ அந்தப் பக்கம். அதாவது கோபுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த இரண்டு கார்டு லினக்ஸ் பெட்டி.

சில சமயம் 1000 வோல்ட் வரை எகிறுகிற மின்சாரத்தை அவர்கள் அளந்திருக்கிறார்கள். மின்சாரம்தான் பெரிய எதிரி. ஆனால் பெட்டி உயிரோடு இருந்தும் எட்டாமல் போகிற நேரமும் உண்டு. ஒரு பெட்டியில் வழித்தட அமைப்பு தப்பினால், தேனியிலிருந்து அதை அழைக்க முடியாது. அதற்கு அவர்கள் கைக்கொண்ட வழி: அடுத்தடுத்த பெட்டிக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து போவது. அந்த ஒரு இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகிற முகவரிக்கு வழித்தட அட்டவணையோ கேட்வேயோ தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் பேருந்து எண் எதுக்கு?

நான் இந்தப் பாடத்தை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். நேரடியாகச் சொருகிய சாதனத்துக்கு, அந்தக் கேபிளுக்கு மட்டுமே உரிய, வேறு எதனோடும் மோதாத முகவரி வேண்டும். 2005-ல் ஆர்எஃப்சி 3927 முறைப்படுத்திய 169.254 தொகுதியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

சரி, எடைமேடையில் என்ன செய்வது?

வரலாறு தெரிந்தால் சோதிக்க வேண்டிய வரிசையும் தெரிந்துவிடும்.

முதலில் கேபிள். "ஐபி லிங்க்" கட்டளையில் "நோ கேரியர்" என்று வந்தால் மேலே எதையும் யோசிக்க வேண்டாம், கம்பியைப் பாருங்க.

இரண்டாவது, "ஐபி ரூட் கெட்" என்று அடித்துக் கேமராவின் முகவரியைச் சேருங்க. எந்தக் கார்டு வழியாக, எந்த முகவரியோடு கிளம்பப் போகிறது என்று கெர்னலே சொல்லிவிடும். முதல் கார்டின் பேர் வந்தால் நோய் பிடிபட்டது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் பல புதுக் கார்டுகள் கடையிலேயே இருந்திருக்கும்.

மூன்றாவது, மருந்து. நல்ல மருந்து கேமராவையும் இரண்டாவது கார்டையும் 192.168.77 மாதிரி யாரும் குடியேறாத பகுதிக்கு மாற்றுவது. கேமராவின் முகவரியை மாற்ற முடியாவிட்டால், அந்த ஒரே முகவரிக்கு மட்டும் /32 என்று இரண்டாவது கார்டு வழியாகத் தனி வழி எழுதுங்க. மெட்ரிக் எதுவாக இருந்தாலும், குறிப்பாகச் சொன்ன வழிதான் பொதுவழியை வெல்லும்.

நான்காவது, இரண்டாவது கார்டில் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்க. அங்கே ஏதாவது எழுதினால், இணையம் தேடிப் போகிற பாக்கெட்டெல்லாம் கேமராவிடம் போய் நிற்கும் ஆபத்து உண்டு. நெட்வொர்க்மேனேஜரில் முகவரியைக் கைமுறை என்று வைத்து, "இந்த இணைப்பை அதன் சொந்த வலையமைப்புக்கு மட்டும் பயன்படுத்து" என்கிற கட்டத்தையும் டிக் செய்யுங்க.

ஐந்தாவது, இதெல்லாம் முடிந்தும் டிசிபிடம்ப்பில் பதில் தெரிந்து புரோகிராமுக்கு வரவில்லையென்றால், ஃபயர்வாலையும் ஆர்பி ஃபில்டரையும் பாருங்க. முழுசாக அணைக்காமல் அந்தக் கார்டுக்கு மட்டும் 2 வைப்பது பாதுகாப்பு. ஒன்று கவனம்: பொதுவான "ஆல்" அமைப்பு, அந்தக் கார்டின் அமைப்பு, இரண்டில் எது பெரிய எண்ணோ அதைத்தான் கெர்னல் எடுத்துக்கொள்ளும். அதனால் கார்டுக்கு 0 வைத்துவிட்டு "ஆல்" 1-ல் இருந்தால், சாவடி திறக்கவே இல்லை என்று பொருள்.

கடைசியாக, செய்ததை ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்க: எந்தக் கார்டு, எந்த முகவரி, எந்தக் கேபிள் எங்கே போகிறது. 1989-லும் 1996-லும் முடிவெடுத்தவர்கள் தங்கள் காரணங்களை எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு நாம் அவற்றைத் தேடிப் படிக்க முடிகிறது. அடுத்து அந்த மேசையில் உட்கார்பவருக்கும் அவ்வளவு மரியாதை உண்டு.